பாலக்காட்டுக் காற்றின் மேல் பழி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எத்தனையோ பேருடைய தப்பைக் கண்டுபிடித்தும் ஒருவர் பெயரைக்கூட வெளியே சொல்லாதவர் அவர். அப்படிப்பட்டவரின் பெயரை மட்டும் நான் ஊரறியப் போட்டுவைத்தால் நன்றாகவா இருக்கும்? எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'பிரிண்டர் அக்கா'. எனக்கு வெறும் அக்கா.

கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். பம்பை லாரியில் ஏற்றிவிட்டால் மட்டும் வேலை முடியாது. பில்லும் ஈ-வே பில்லும் அச்சாகி டிரைவர் கைக்குப் போனால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். ஆபீசில் பத்துக் கம்ப்யூட்டர், அத்தனைக்கும் பொதுவாக நெட்வொர்க்கில் மாட்டிய ஒரே பிரிண்டர். அது என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அது நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் டிரைவர்கள் என் தலைமேல் வந்து நிற்பார்கள். எனக்கு ஏற்கெனவே பொறுமை கொஞ்சம் கம்மி.

அந்தப் பிரிண்டரையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ள ஒரு சர்வீஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆள்தான் அக்கா. காரமடையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வேலை, நசுங்கிப்போன மல்லிகைப் பூவைத் தட்டி நிமிர்த்துவது. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்துகொள்வார். மெஷினைத் தொடவே மாட்டார். பத்து நிமிஷம் எங்களைத்தான் வேடிக்கை பார்ப்பார்.

"ஏனுங்க அக்கா, மெஷினு அங்க இருக்குதுங்க. எங்க மூஞ்சியப் பாத்தா என்ன தெரியும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மெஷினு பாவமுங்க அம்மணி. அதுவா ஒண்ணும் பண்ணாது" என்றார்.

அவர் பையில் கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர், ஒரு பெயின்ட் பிரஷ், பழைய பனியன் துணி, இவற்றோடு ஒரு குங்குமச் சிமிழும் இருக்கும். நெற்றியில் இட்டுக்கொள்ள வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதுவும் அவருக்கு ஒரு டூல்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு சமயம், மதியச் சாப்பாட்டு நேரமானால் ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் போய்விடும். அரை மணி நேரத்தில் தானாக வந்துவிடும். அக்கா வந்தார், உட்கார்ந்தார், வேடிக்கை பார்த்தார். பிறகு எழுந்து நேராக அலமாரிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒயர் பிரிந்து போகிற பெட்டி அங்கே இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் யாரோ போன் சார்ஜரைச் சொருகியிருந்தார்கள். ரோஸ் கலர் சார்ஜர். எங்கள் ஆபீசில் ரோஸ் கலர் சார்ஜர் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

எது எதற்கான பிளக் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார்ஜரைச் சுருட்டி, யாரும் கவனிக்காதபோது என் டிராயரில் வைத்தார். பெட்டியின் பிளக்கை அழுத்திச் சொருகினார். சிமிழைத் திறந்து அந்தப் பிளக்கின் முதுகில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டு வைத்த பொருளை எங்கள் ஊரில் யார் பிடுங்குவார்கள்? அதற்கப்புறம் பெருக்க வரும் அம்மாகூட அந்தப் பிளக்கைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

"யாரு பண்ணுன வேலைங்க இது?" என்று மேனேஜர் வந்து கேட்டார்.

"காத்துங்க சார்" என்றார் அக்கா. "பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஈரத்த எல்லாம் கொண்டாந்து உள்ள எறக்கிப்போடுதுங்க."

சர்வீஸ் ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினார். காரணம்: காற்றில் ஈரம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வாய் இருந்தால் அழுதிருக்கும். அவர் அதன் தலையில் கட்டாத பழி இல்லை. ஒயரை எலி கடித்தாலும் காற்று, யாராவது காபியைக் கொட்டினாலும் காற்று. ஒருமுறை மெஷினுக்குள் தடித்த காகிதம் ஒன்று சிக்கிக் கடகடவென்று சத்தம் போட்டது. அக்கா இழுத்து எடுத்தார். ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கவரின் துண்டு. அந்த மாதம் கல்யாணம் இருந்தது மேனேஜர் வீட்டில் மட்டும்தான். விலாசங்களை ஆபீஸ் பிரிண்டரிலேயே அடித்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருக்கிறார். அக்கா அந்தத் துண்டைப் பனியன் துணிக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "காத்துங்க சார், பேப்பரு ஈரமாயிப்போச்சு" என்றார். மேனேஜரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, இந்த வருசம் காத்து சாஸ்திதான்" என்று ஒத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. என் கழுத்துக்குக் கத்தி வரும்வரை.

அந்த வருஷம் சித்திரையில் பிரிண்டருக்குப் புது நோய் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். கம்ப்யூட்டரில் 'ஆஃப்லைன்' என்று வரும். முக்கால் மணியோ ஒரு மணியோ கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் அதுவரை அனுப்பியதை எல்லாம் மொத்தமாகத் துப்பும். ஒருநாள் காலையில், ஒருநாள் மத்தியானத்தில், ஒருநாள் நிற்கவே நிற்காது. அக்காவுக்கு வர முடியாமல் அதே சர்வீஸ் கம்பெனியிலிருந்து முதலில் வந்து பார்த்த இரண்டு பேர் ஒயரை மாற்றினார்கள், கம்ப்யூட்டரில் எதை எதையோ அழித்துத் திரும்பப் போட்டார்கள். அவர்கள் வந்து நிற்கும்போது மட்டும் அது அவ்வளவு சமர்த்தாக ஓடும். அவர்கள் வண்டியை எடுத்ததும் எனக்கு வேடிக்கை காட்டும்.

அதிகமாக அச்சடிப்பவள் நான். ஆகவே நிற்கும்போதெல்லாம் அதன்முன் நிற்பவளும் நான்தான். ஒருநாள் எட்டு லாரி காத்திருக்க, ஆத்திரத்தில் அதன் விலாவில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். பேப்பர் தட்டின் கொக்கி உடைந்து கீழே விழுந்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்க கைராசிதான் மெஷினுக்கு ஆகலைன்னு நெனைக்கறேன்" என்றார். "இந்த மாசக் கடைசிக்குள்ள இது சரியாகலீன்னா டெஸ்பாட்ச வேற ஆளுகிட்டக் குடுத்துறலாமுங்க. நீங்க அன்னூர் ரோட்டுக் குடோனுக்குப் போயி ஸ்டாக் எண்ணுங்க."

சொன்னது மரியாதையாகத்தான். எங்கள் ஊரில் தூக்குத் தண்டனையைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். குடோனுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் மகளின் பள்ளிக்கூடம் ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதற்காகவே வேறு வேலைக்குப் போகாமல் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அன்று பாத்ரூமில் போய் அழுதேன். வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

அக்கா வந்தார். பூவை நிமிர்த்தினார். தண்ணீர் குடித்தார். அன்று பிரிண்டர் சமர்த்தாக ஓடியது. அவர் ஒரு நோட்டை வாங்கிச் சணலில் கோர்த்து மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டார்.

"நின்னுச்சுன்னா நேரத்த எழுதோணும். கூடவே அப்ப ஆபீசுல என்ன நடந்துச்சோ அதையும் எழுதுங்க. மழையோ, கரண்ட்டோ, ஒறம்பரை விருந்தாளி வந்தாங்களோ, எதா இருந்தாலுஞ் சரி."

பத்து நாள் எழுதினோம். நானும் எழுதினேன், அக்கவுன்ட்ஸ்காரர்களும் எழுதினார்கள். அந்த நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது.

'10.40. நின்னது. கரண்ட் இருந்தது. டீ வந்தது.'

'12.15. நின்னது. நல்ல வெயில். டீ வந்தது.'

'4.50. நின்னது. அக்கவுன்ட்ஸ் சார் மூணு தடவை தும்மினார். டீ வந்தது.'

பதினோராவது நாள் அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் படித்தார். தும்மலுக்குச் சிரித்தார். பிறகு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தார்.

"ஏனுங்க, இந்த ஆபீசுல டீ பதனொண்ணுக்கும் நாலுக்குந்தானுங்களே? பன்னெண்டே காலுக்கு ஏதுங்க டீ?"

ஒருவர் ஃபேனைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார். அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அந்த டீ சக்கரை போட்டதுங்களா, போடாததுங்களா?"

"போடாததுங்க" என்று சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீசில் சர்க்கரை போடாத டீ குடிப்பவர் ஒரே ஒருவர்தான். கம்பெனியை ஆரம்பித்த பெரியவர். பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க முடியாமல், அநேகமாகத் தினமும் ஒரு நடை வந்து என் மேஜைக்கு எதிரில் போட்டிருக்கும் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். வரும் நேரம் அவர் இஷ்டம். வந்ததும் நாங்கள் எழுந்து நிற்போம், கடையிலிருந்து சர்க்கரை போடாத டீ வரும். கோளாறு எழுதுகிற நோட்டில் தும்மலை எழுதலாம், வெயிலை எழுதலாம். 'பெரியவர் வந்தார், மெஷின் நின்றது' என்று எழுத யாருக்குக் கை வரும்? எங்களுக்கெல்லாம் வேலை கொடுத்தவர். அவர் பெயரை அந்த நோட்டில் போடுவது தப்பு என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலேயே பத்து நாளும் விட்டிருக்கிறோம். டீ மட்டும் மறந்துபோய் உள்ளே வந்துவிட்டது.

அன்று பன்னிரண்டு மணிக்குப் பெரியவர் வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். டீ வந்தது. நான் ஒரு பில்லை அனுப்பினேன். பிரிண்டர் நின்றது.

அக்கா லேப்டாப்பில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு பெரியவரிடம் போய், "சாமி நல்லாருக்கீங்களா? தொண்டாமுத்தூர்த் தோப்புல காய் எப்படிங்க?" என்று ஆரம்பித்தார்.

பெரியவருக்கு அது போதும். "காயா? அட ஏங்கண்ணு! ஒத்தை ஆனை எறங்கி நாப்பது தென்னம்புள்ளையச் சாச்சுப்போட்டுதே! இரு, காட்டறேன்" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெரிய புதுப் போன். பேரன் சித்திரைக் கனிக்கு வாங்கிக் கொடுத்தது. ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் அதுவே வைஃபையைப் பிடித்துக்கொள்ளும்படி பேரனே செய்து கொடுத்திருந்தான். அக்கா அவர் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, யானை வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "இன்னொருக்காப் பாக்கறனுங்க சாமி" என்று போனைக் கையில் வாங்கி, யானைக்கு நடுவில் வேறெதையோ திறந்து ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் வீட்டு நம்பர் மாதிரி ஒரு நம்பர் உண்டு. பிரிண்டருக்குக் கொடுத்த நம்பரை யாரும் தனியாக ஒதுக்கி வைக்கவில்லை. அதனால் பெரியவரின் போன் உள்ளே வந்ததும் நெட்வொர்க் அதே நம்பரை அதற்கும் கொடுத்துவிட்டது. நான் அனுப்பும் பில் எல்லாம் பிரிண்டரைத் தேடிப் போகாமல் பெரியவரின் சட்டைப் பையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கிளம்பிப் போனால்தான் பிரிண்டருக்கு உயிர் வரும்.

அக்கா பிரிண்டருக்கு வேறு நம்பர் கொடுத்து அதை ஒதுக்கியும் வைத்தார். ஐந்து நிமிஷ வேலை. பெரியவர் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே என் பில் மடமடவென்று வந்து விழுந்தது.

"என்ன கண்ணு, மெஷினுக்கு என்னவாமா?" என்று பெரியவர் கேட்டார்.

"காத்துங்க சாமி. பாலக்காட்டுக் காத்து."

"அதான பாத்தேன். என்ற முட்டியவும் அதுதான் புடிச்சு ஆட்டுது" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவைத் தண்ணீர் கேன் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, இந்தவாட்டியுங் காத்துன்னு எழுதுனீங்கன்னா நான் குடோனுக்குப் போகோணுமுங்க. மேனேஜர் நம்பமாட்டாரு. பெரியவரோட போன்னு உள்ளதச் சொல்லிப்போடுங்க!"

"சொன்னா என்னாகும் அம்மணி? முதலாளி ஏற்கனவே 'ஊட்டுல இருங்கப்பா, ஊட்டுல இருங்கப்பா'ங்கறாரு. உங்களாலதான் லாரி நின்னுச்சுன்னு ஒருக்காச் சொல்லீட்டா, அந்த மனுசன் நாளைக்கு இங்க வருவாருங்களா?"

எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபம் அடங்கவில்லை. "அப்ப எம் பொழப்பு?" என்றேன்.

அவர் போய் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். "காத்து கீத்துன்னு எழுதாதீங்க. ஆரு தப்புன்னு எழுதிக் குடுங்க. முதலாளிக்குக் காட்டோணும்" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்கு அந்த மஞ்சள் தடவிய கவர் ஞாபகம் வந்தது. "சார், அந்தக் கல்யாண..." என்று நான் வாயைத் திறந்ததும் அக்கா மேஜைக்கடியில் என் கையை நறுக்கென்று கிள்ளினார். அப்புறம் நிதானமாக எழுதி நீட்டினார்.

மேனேஜர் சத்தமாகவே படித்தார். "காரணம்: மெஷின் வைக்கும்போது நம்பரை ஒதுக்கி வைக்காதது. தவறு என்னுடையது. டெஸ்பாட்ச்சில் எந்தத் தவறும் இல்லை." கீழே அக்காவின் கையெழுத்து.

"உங்க தப்புங்களா?"

"ஆமாங்க சார். அம்மணி மேல ஒரு தப்புமில்லீங்க. அந்தத் தட்டுக் கொக்கி மட்டுந்தான் அவங்க" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் நாற்காலி எனக்கு நிலைத்தது. அன்று சாயங்காலம் நடந்துபோய் மகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது இரண்டு பேருக்கும் தேங்காய் பன் வாங்கினேன்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டின் ஒரு காப்பி அக்காவின் கம்பெனிக்கும் போயிருக்கிறது. அடுத்த முறை வேறொரு ஆள் வந்தார். வந்ததும் நேராக மெஷினின் மூடியைத் திறந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"பொள்ளாச்சி ரூட்டுக்கு மாத்தீட்டாங்க அம்மணி. காரமடைல இருந்து கொஞ்சந் தொலைவுதான்" என்றார்.

"என்னாலதானுங்க அக்கா" என்றேன்.

"அட, அதெல்லாமில்லீங்க. கணவாய்க்குப் பக்கத்துல வந்துட்டேன். இங்க நல்லாக் காத்து வருது" என்றார்.

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. ஆறேழு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் எங்களுக்குப் புதுப் பிரிண்டர் வந்தது. பழையதைத் தூக்கும்போது அதன் அடிவயிற்றில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. மெஷினை வைத்த கடையின் பெயர், தேதி, வைத்த ஆளின் கையெழுத்து. கடை வேறு, ஆளும் வேறு. தேதி, அக்கா எங்கள் ஆபீசுக்கு முதல்முதலில் வந்ததற்கு இரண்டு வருஷம் முந்தையது. அந்த மெஷினை அக்கா வைக்கவே இல்லை.

நான் சும்மா இருப்பேனா? ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், இங்க வந்து பாருங்க! அக்கா தப்புன்னு எழுதி வாங்குனீங்களே, இந்த மெஷின அவங்க வெக்கவே இல்லீங்க!"

மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அடடா, அந்தம்மா மேல இல்லாத பழியப் போட்டுட்டமே" என்றவர், "இந்தப் புதுசுக்கு அவங்களையே அனுப்பச் சொல்லி நானே போன் பண்றேன்" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"அப்ப மெஷினு நின்னு நின்னு போனதுக்கு ஆருதான் காரணம்? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எதிர் நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பத்து நான்கு வயது. கையில் அதே போன், பக்கத்தில் சர்க்கரை போடாத டீ. அவரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் வாயால் நானே கொண்டுவந்து நிறுத்திய இடம் அது.

"தெரியுமுங்க சார்" என்றேன். "காத்துங்க."

பெரியவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.